6 மணி நேரம் போதும் என்று நம்பிய 11 மாதங்கள்

அன்று காலை அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை நான் இரண்டு முறை கொடுத்துவிட்டேன். ஆறரை மணிக்கு ஒருமுறை, ஏழே காலுக்கு மறுபடியும். முதல் முறை கொடுத்தது என் நினைவில் மங்கலாகக்கூட இல்லை. பிற்பாடு அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் ஒன்று குறைவது தெரிந்தது.

ஒன்பது மணிவாக்கில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு ஏற்கெனவே குழறல்தான். அன்று என்னைப் பார்த்த பார்வையே வேறு மாதிரி இருந்தது, நான் யாரென்று தேடுவதுபோல. விரலைக் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை 46தான், ஆபத்தான அளவுக்குக் குறைவு. விழுங்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். அந்த வகை மாத்திரை உடம்பில் பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும் என்பதால் ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அம்மா தேறிவிட்டார். எனக்குத்தான் அந்த ஒரு மாத்திரையிலிருந்து மீண்டு வர வெகுநாள் ஆனது.

மாலையில் வந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்றார்.

"ஆறு மணி நேரம் டாக்டர். எனக்கு அது போதும், பழகிடுச்சு."

"பழகிடுச்சுன்னு உங்களுக்குத் தோணுது" என்றார். அவ்வளவுதான். அந்தத் "தோணுது" என்ற சொல் என்னை விடவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றிரவு படிக்க ஆரம்பித்தேன்.

என்னை அடியோடு புரட்டிப் போட்டது 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு ஆய்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் முதலானோர் ஆரோக்கியமான 48 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். ஒரு குழுவுக்கு இரவில் 8 மணி நேரம் படுக்க அனுமதி, இன்னொரு குழுவுக்கு 6, மற்றொன்றுக்கு 4. இப்படி 14 நாட்கள். நான்காவது ஒரு குழுவை மூன்று இரவுகள் தூங்கவே விடவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரு சின்னச் சோதனை. திரையில் எப்போது வரும் என்று தெரியாமல் எண்கள் ஓடத் தொடங்கும், பார்த்த உடனே பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதையே செய்ய வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதமானால் அது ஒரு தவறல். அந்த அரை நொடியில் மூளை அங்கே இல்லை என்று பொருள்.

8 மணி நேரக் குழு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 6 மணி நேரக் குழுவுக்கோ தவறல்கள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வாரம் முடியும்போது அவர்கள் ஒரு முழு இரவு கண் மூடாதவர்களின் நிலைக்கு வந்திருந்தார்கள். 4 மணி நேரக் குழு இரண்டு இரவுகள் தூங்காதவர்களின் நிலைக்கு. 14 நாள் ஆன பிறகும் சரிவு நிற்கவில்லை, உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த வரியில்தான் நான் உறைந்துபோனேன். அதே ஆட்களிடம் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்றும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதல் சில நாட்கள் கலக்கம் கூடியதாகச் சொன்னவர்கள், அப்புறம் பெரிய மாற்றம் இல்லை என்றே சொல்லிவந்தார்கள். கைவேகம் சரிந்துகொண்டே இருக்கிறது, அவர்களுக்கோ தாங்கள் ஒரு நிலைக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நான் 11 மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த "பழகிடுச்சு" இதுதான்.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமும் இந்த ஒரு விஷயம்தான். பசித்தால் தெரியும், வலித்தால் தெரியும். தூக்கம் போதவில்லை என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய மூளையே அந்தத் தூக்கமின்மையில்தான் கிடக்கிறது. ஆகவே "எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்ற நினைப்பை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னுடைய ஆறு மணி நேரம்கூட முழுசாக இல்லை. இரவு பத்தரைக்குப் படுப்பேன். படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரை, இரண்டரை, நாலரை என்று மூன்று அலாரம். ஒவ்வொரு முறையும் எழுந்து, புரட்டி, துணி ஈரமா என்று பார்த்து, திரும்பப் படுத்துக் கண் அசர அரை மணி நேரம் ஆகும். காலை ஆறுக்கு எழுவேன். கணக்குப் போட்டால் ஆறு மணி நேரம் வரும். ஆனால் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுவது. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பகுதியில் அதிகம், கனவு காணும் உறக்கம் விடியலை ஒட்டி அதிகம். நான் இரண்டின் குறுக்கேயும் அலாரம் வைத்திருந்தேன். ஒட்டுப்போட்ட துணியை முழத்தால் அளந்து முழுத்துணி என்று நம்பியதுபோல இருந்தது என் கணக்கு.

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் எத்தனையோ இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டேன்.

வண்டியில் போகும்போது சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள், பச்சை விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது. இப்படிச் சில நொடிகள் மூளை தானாகத் தூக்கத்துக்குள் போய் வருவதை நுண்தூக்கம் என்கிறார்கள். நின்ற வண்டியில் நடந்ததால் தப்பித்தேன். 1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒன்றைக் காட்டினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காலை ஐந்துக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு வண்டி எடுத்தால் அந்த நிலைதான். குடித்துவிட்டு ஓட்டுவதைப் பாவம் என்று நினைக்கிற நாம், தூங்காமல் ஓட்டுவதைச் சுறுசுறுப்பு என்று நினைக்கிறோம். இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். அன்றிலிருந்து இரவு சரியாகத் தூங்காத நாட்களில் வண்டிச் சாவியை நான் தொடுவதில்லை.

கோபம் வந்தது. அம்மாவின் மேல் வந்தது. ஒருநாள் இரவு இரண்டரைக்கு அவர் தண்ணீர் கேட்டதற்குக் கத்திவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்பு குறைந்துவிட்டதோ, நான் கெட்ட மகளாகிவிட்டேனோ என்று நாள்கணக்கில் அழுதிருக்கிறேன். மேத்யூ வாக்கரின் குழு 2007இல் செய்த ஆய்வைப் படித்தபோது மனசு கொஞ்சம் ஆறியது. ஒரு முழு இரவு தூங்காதவர்களுக்கு மனதைக் கலைக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயம், கோபம் போன்றவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்திருக்கிறது. அதை அடக்கி வைக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. நான் கத்தியது சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். உங்கள் அன்பைச் சந்தேகிப்பதற்கு முன் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எடை ஏறியது, ஏழு கிலோ. உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டரும் கரின் ஸ்பீகலும் 2004இல் கண்டது வேறு ஒன்றையும் சொல்கிறது. 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். 10 மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அதே குழு 1999இல் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரத்தில் நிறுத்தியபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் தொடக்கநிலையை ஒத்த அளவுக்குக் கெட்டிருந்தது. அம்மாவின் சர்க்கரையைத் தினமும் அளந்த நான் என்னுடையதை அளக்கவே இல்லை. அப்புறம் பார்த்தபோது நீரிழிவுக்கு முந்தைய நிலையில் வந்து நின்றது.

சளியும் அடிக்கடி பிடித்தது. அதற்கும் ஓர் ஆய்வு உண்டு: 2015, ஆரிக் பிரேதர் முதலானோர். 164 பேரின் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் ஒரு வாரம் அளந்துவிட்டு, சளி வைரஸை மூக்கில் சொட்டு மருந்தாக விட்டார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கும் அதிகம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர்களுக்கே இது நடக்கிறது என்பது எனக்கு ஆறுதலாகவும் திகிலாகவும் இருந்தது. 2004இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களைக் கவனித்தார்கள். 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் வழக்கமான டூட்டி முறையில், சுருக்கிய டூட்டி முறையைவிடக் கடுமையான மருத்துவத் தவறுகள் 36 சதவீதம் அதிகம் நடந்தன. படித்துத் தேர்ந்தவர்களின் கையே தடுமாறும்போது, வீட்டில் தனியாக மருந்து கொடுப்பவர் "நான் கவனமா இருப்பேன்" என்று மனஉறுதியை நம்பிப் பயன் இல்லை. வேறு ஏற்பாடு வேண்டும்.

ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி வாங்கினேன். வாரத்துக்கு ஒருநாள், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, நிரப்புவேன். தம்பி ஒருமுறை சரிபார்ப்பான். அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று, ஞாபகத்தைக் கேட்கவே தேவையில்லை. அலாரம் அடித்து எழுந்த கையோடு மருந்தைத் தொடுவதும் இல்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டால் அரை மணி நேரம் வரைகூட மூளை முழுசாக விழிக்காது. ஆறரை மணி மாத்திரையை நான் அந்த அரை மணிக்குள்தான் கொடுத்திருந்தேன்.

அடுத்தது இரவைப் பங்கு போடுவது. இதை நான் கேட்கவே கூச்சப்பட்டேன். தம்பி இதே வீட்டில்தான் இருக்கிறான், காலையில் வேலைக்குப் போகிறவன் என்று அவனை எழுப்பாமலே விட்டிருந்தேன். இப்போது இரண்டு இரவு எனக்கு, இரண்டு இரவு அவனுக்கு. டூட்டி இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். ஒரே இரவைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தோம், அதில் இரண்டு பேருமே கெட்டோம். மருத்துவரிடம் புரட்டும் இடைவெளியைப் பற்றியும் கேட்டேன். அம்மாவின் தோலைப் பார்த்துவிட்டு, காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை போட்டால் இரவில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்றார். இது அம்மாவுக்குச் சொன்னது, எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. ஆனால் கேட்காமல் விடாதீர்கள். நான் 11 மாதம் கேட்கவே இல்லை.

விட்டதைப் பிடிக்கலாம் என்று விடுமுறை நாளில் பதினோரு மணி வரை தூங்கிப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை, மறுநாள் இன்னும் மோசம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2019இல் செய்த ஒரு சோதனையும் இதையே காட்டியது. வாரநாட்களில் குறைத்துத் தூங்கி வாரக்கடைசியில் ஈடுகட்டியவர்களுக்கு, மறுபடி குறைந்த தூக்கத்துக்குத் திரும்பியபோது உடம்பின் இன்சுலின் ஏற்புத்திறன் சரிவிலிருந்து தப்பவில்லை. எழும் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவதுதான் எனக்குக் கைகொடுத்தது. மதியத்தில் 20 நிமிடத் தூக்கமும் உதவியது. அதை மூன்று மணிக்கு மேல் தள்ளினால் இரவுத் தூக்கத்தில் கை வைத்துவிடும்.

நான் எதிர்பார்க்காத சங்கடம் ஒன்று பாக்கி இருந்தது. தூங்க நேரம் கிடைத்தது, தூக்கம் வரவில்லை. தம்பி டூட்டியில் இருக்கும் இரவிலும் பன்னிரண்டரைக்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. கூரையைப் பார்த்தபடி மணியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். தூக்க மாத்திரை கேட்டேன். மருத்துவர் உடனே தரவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது என்றார். பேர்தான் பெரியது, செய்ய வேண்டியவை எளிமையானவை, கொஞ்சம் பிடிவாதம் வேண்டும்.

கட்டில் தூங்க மட்டும். கணக்கு எழுதுவது, போன் பார்ப்பது, கவலைப்படுவது எல்லாம் நாற்காலியில். படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் திரும்ப வர வேண்டும். முதல் வாரம் அழுகையே வந்தது. ஒரே இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் படுத்ததும் கண் இழுக்கத் தொடங்கியது. கட்டில் என்றால் விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொண்டிருந்தது, அதை மறக்கடிக்கத்தான் இவ்வளவும். கடிகாரத்தை முகம் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இந்தச் சின்ன விஷயம் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

காபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்கத்தின் அழுத்தம் என்று நாம் உணர்வதில் பெரும் பங்கு அதனுடையது. காஃபின் அதை அகற்றுவதில்லை, அது போய் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 2013இல் கிறிஸ்டோபர் டிரேக் குழு, படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதைக் கண்டது. 400 என்பது நாலு கோப்பை அளவுக்கு வரும், நான் அவ்வளவு குடிப்பவள் இல்லை. இருந்தாலும் மாலைக் காபியை விட்டேன். தலைவலி நாலு நாள் இருந்தது, அப்புறம் போய்விட்டது.

"எங்க தாத்தா நாலு மணி நேரம்தான் தூங்குவார், தொண்ணூறு வயசு வரை இருந்தார்" என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. பிறவியிலேயே குறைந்த தூக்கத்தில் நிறைவு காண்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. 2009இல் யிங்-ஹுய் ஃபூவின் குழு ஒரு குடும்பத்தில் அதற்கான மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்தது. ஆனால் அது மிக அரிது. அலாரம் இல்லாத நாளில் எட்டு மணி நேரம் தூங்கிவிடுகிறவர் அந்த ரகம் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் வயதுவந்தோருக்குச் சொன்ன அளவு 7 மணி நேரமோ அதற்கு மேலோ. அதற்கு மாறாக, எட்டு மணி நேரம் படுத்தும் எழும்போது அடித்துப்போட்டதுபோல இருக்கிறது, பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார் என்றால், நான் எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது. அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

உணர்வை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? நான் இரண்டு செய்கிறேன். ஒரு நோட்டில் படுத்தது, எழுந்தது, நடுவில் விழித்தது மூன்றையும் காலையில் எழுதுகிறேன். அப்புறம் போனில் அந்தப் பொத்தான் சோதனையைப்போல ஒன்று, தினமும் காலை பத்து மணிக்கு. ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு எண் மாறும், அதனால் மற்றவர்களோடு ஒப்பிடக்கூடாது. நம் பழைய எண்ணோடு மட்டும் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் என் சராசரி 410 மில்லிநொடி. அந்த வாரமும் "இன்னைக்குத் தெளிவாத்தான் இருக்கேன்" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து 300க்குப் பக்கத்தில் வந்தது. என் பழைய கையெழுத்தையும் அந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

போன வாரம் தம்பியின் அலுவலகத்தில் வேலை நெருக்கடி. இரவு வெகுநேரம் கணினி முன் உட்கார்ந்துவிட்டு, தன் முறைக்கு அம்மாவையும் பார்த்துக்கொண்டான். நாலாவது நாள் காலை, "உன் முறைய நானே பாத்துக்கறேன்க்கா, அஞ்சு மணி நேரமே எனக்குப் போதும், பழகிடுச்சு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் அந்தச் சோதனையைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன். முடித்துவிட்டு எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். அன்றும் மறுநாளும் அம்மாவின் பக்கத்தில் நான்தான் படுத்தேன். இரவு எட்டரைக்கே அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது.